அச்சம் அறமாகுமா?

இளைஞனை நல்வழியில் நிறுத்துவதற்காக அவனிடம் பொய் சொல்லலாமா? கேள்வி சிறியது, கேட்பவர் சிலர், கேட்டால் முகம் சுளிப்பவர் பலர். ஏனெனில் இந்தப் பொய் காமத்தைப் பற்றியது. முப்பாலில் ஒரு பாலையே காமத்துக்கு ஒதுக்கிய வள்ளுவரைப் பெற்ற நாட்டில், காமம் என்ற சொல் காதில் விழுந்தாலே கதவைச் சாத்துகிறார்கள். ஆனால் அதைப் பற்றிய பொய்க்கு மட்டும் எந்தக் கதவும் சாத்தப்படவில்லை. அது தெருவில் திரிகிறது, திண்ணையில் அமர்கிறது, பேருந்து நிலையச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது, இரவு நேரத் தொலைக்காட்சியில் அறிவுரை கூறுகிறது!

என்ன பொய் அது? பள்ளிப் பிள்ளையும் அறிவான். "உண்ட சோறு இரத்தமாகிறது, நாற்பது துளி இரத்தம் சுண்டி ஒரு துளி விந்தாகிறது, அதை இழந்தவன் உயிரின் சத்தையே இழந்தவன். கைப்பழக்கம் கண்ணைக் குழியாக்கும், கன்னத்தை ஒட்ட வைக்கும், நரம்பைத் தளர்த்தும், நினைவைக் கெடுக்கும், மணவாழ்வை மண்ணாக்கும். உறக்கத்தில் தானே வெளியேறினாலும் உடலுக்குக் கேடுதான்." நாற்பது துளி என்பார் ஒருவர், அறுபது என்பார் மற்றொருவர், நூறு என்பார் இன்னொருவர். கணக்கு ஆளுக்கு ஆள் மாறுகிறது. அச்சம் மட்டும் மாறுவதில்லை!

"பொய்யாகவே இருக்கட்டுமே! அந்தப் பயம் இருப்பதனால்தானே பிள்ளைகள் கட்டுக்குள் இருக்கிறார்கள்? குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே!" என்று பெரியவர்கள் சிலர் வாதிடுகிறார்கள். கெட்ட எண்ணத்தோடு சொல்பவர்கள் அல்லர் அவர்கள். ஆகவே அவர்கள் வாதத்தை எள்ளி ஒதுக்காமல், எடுத்து ஆராய்வது நம் கடமையாகிறது. வள்ளுவர் தந்த உரைகல்லையே கையில் எடுப்போம். விளையும் நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்பதுதானே அவர் வைத்த கட்டுப்பாடு? இந்தப் பொய்யால் விளைந்தது குற்றமற்ற நன்மைதானா?

அதற்கு முன், இது பொய்தான் என்பதை உறுதி செய்துகொள்வோம். இரத்த அணுக்கள் பிறப்பது எலும்பு மச்சையில். விந்து நீரில் பெரும்பகுதி ஊறுவது விந்துப் பைகளிலும் புராஸ்டேட் சுரப்பியிலும். அந்த நீரில் நீந்தும் உயிரணுக்கள் உருவாவது விரைகளில். இரத்தம் சுண்டி விந்தாகும் உலைக்களம் எதுவும் உடலுக்குள் இல்லை. ஒருமுறை வெளியேறும் அளவு ஏறத்தாழ 2 முதல் 5 மில்லி லிட்டர். ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். அதில் பெரும்பங்கு நீர். இருக்கும் புரதமோ ஓரிரு நிலக்கடலைப் பருப்பில் உள்ள அளவு. உயிரணுக்கள் நாள்தோறும் கோடிக்கணக்கில் உண்டாகின்றன. வெளியேறாதவை சிதைந்து உடலாலேயே உறிஞ்சப்படுகின்றன. காத்து வைத்தால் பெருகும் கருவூலமும் அன்று. செலவிட்டால் தீரும் கையிருப்பும் அன்று.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒருமுறை வெளியேறுவது 3 மில்லி என்று கொள்வோம். நூறு துளிக் கணக்கு மெய்யானால் அதற்கு 300 மில்லி இரத்தம் செலவாகியிருக்க வேண்டும். இரத்த தான முகாமில் ஒருவரிடம் எடுப்பது 350 மில்லி. அதன்பின் ஓர் ஆண் மீண்டும் கொடுக்க 90 நாட்கள் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள். வாரத்துக்கு இருமுறை விந்து வெளியேறும் ஆண், ஒரே மாதத்தில் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் இரத்தத்தை, அதாவது தன் உடலில் ஓடும் இரத்தத்தில் பாதியை இழந்திருப்பான்! மணமான ஆடவர் அனைவரும் மருத்துவமனைக் கட்டிலில் அல்லவா கிடக்க வேண்டும்? அவர்கள் வயலில் ஏர் ஓட்டுகிறார்கள். ஆலையில் மூட்டை சுமக்கிறார்கள். மாலையில் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடைவீதிக்கும் போகிறார்கள்.

இந்த எண்ணம் பிறந்த வழியையும் அறிய வேண்டும். ஆயுர்வேதம் உடலில் ஏழு தாதுக்களைக் கூறுகிறது: உணவின் சாறு, இரத்தம், தசை, கொழுப்பு, எலும்பு, மச்சை, கடைசியில் சுக்கிலம். ஒன்றிலிருந்து மற்றொன்று வடித்தெடுக்கப்படுகிறது என்பது அதன் கோட்பாடு. நுண்ணோக்கி இல்லாத நாளில் கூர்த்த மதியினர் செய்த ஊகம் அது. அவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. 1677ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லீவன்ஹூக், தம் கையால் செய்த நுண்ணோக்கியின் வழியே விந்தில் நீந்தும் உயிரணுக்களைக் கண்டார். இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அதை எழுதியபோது, "பாவச் செயலால் பெற்றதன்று, இல்லற வாழ்வில் எஞ்சியது" என்ற பொருளில் ஒரு விளக்கமும் சேர்த்தார். புத்தம்புது உண்மையைக் கண்டு சொல்ல வந்தவரும் ஊராரின் ஏச்சுக்கு அஞ்ச வேண்டியிருந்தது! அவர் கண்டது 1677இல். இன்றும் நாற்பது துளிக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தால், குறை முன்னோருடையதா, நம்முடையதா?

மேனாட்டார் இதில் மேலானவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். சுவிட்சர்லாந்து மருத்துவர் டிசோ 1760இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூல், தற்புணர்ச்சியால் பைத்தியமும் மரணமும் வரும் என்று ஐரோப்பாவையே நடுங்க வைத்தது. 1830களில் அமெரிக்கச் சமயப் பேச்சாளர் சில்வெஸ்டர் கிரகாம், இறைச்சியும் மசாலையும் காம வெறியைக் கிளப்பும், சலிக்காத கோதுமை மாவு அதை அடக்கும் என்று ஊர் ஊராகச் சொன்னார். அந்த வழியில் வந்த மருத்துவர் கெல்லாக், பேட்டில் கிரீக் நகரத்து நலமனையில் நோயாளிகளுக்குக் காரம் சாரமற்ற உணவையே வற்புறுத்தினார். அந்த நலமனையில் பிறந்த தானியச் செதில் உணவு இன்று உலகெங்கும் காலைச் சிற்றுண்டி. அதை உண்ணும் வீடுகளில் பிள்ளைகள் பிறந்துகொண்டுதான் இருக்கிறார்கள்!

அங்கே காமத்தை அடக்க உணவு தேடினார்கள். இங்கே காமத்தை எழுப்ப உணவு தேடுகிறோம். 1983இல் வந்த 'முந்தானை முடிச்சு' படத்துக்குப் பின் முருங்கைக்காய் விற்பவரைப் பார்த்தும் சிரிக்கும் பழக்கம் நாட்டில் வந்தது. முருங்கை நல்ல உணவு, அதன் கீரையில் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் உண்டு, தாராளமாக உண்ணட்டும். ஆனால் அந்தக் காயைச் சாம்பாரில் போட்டால் கட்டிலில் வீரம் பிறக்கும் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை.

சிரித்துவிட்டுப் போகக்கூடியதா இது? இல்லை, தோழர்களே! இந்த உணவு நம்பிக்கைக்கு இன்னொரு முகம் இருக்கிறது, அது கொடியது. வெங்காயமும் பூண்டும் ஆசையைத் தூண்டும் என்று சொல்லி, உயர்குலம் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட வீடுகளில் கணவனை இழந்த பெண்ணின் இலையிலிருந்து அவற்றை அகற்றினார்கள். ஒருவேளை உணவு போதும் என்றார்கள். உப்பும் உறைப்பும் குறைத்தார்கள். பதினெட்டு வயதுப் பெண்ணாக இருந்தாலும் விதி அதுவே. மனைவியை இழந்த அறுபது வயது ஆணின் இலையிலோ எதுவும் குறையவில்லை. அவர் மறுமணத்துக்குப் பெண் பார்க்கப் புறப்பட்டார்! பூண்டின் குணம் ஆளுக்கு ஆள் மாறுமா? யாருக்கு ஆசை இருக்கலாம், யாருக்கு இருக்கக் கூடாது என்ற தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு, அதற்குச் சாட்சியாகப் பூண்டைக் கூண்டில் ஏற்றினார்கள் என்பதன்றி வேறென்ன?

உணவுக்கும் உடலுறவு நலத்துக்கும் உண்மையான தொடர்பே இல்லையா? உண்டு, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஆண்குறி விறைப்பது இரத்தக் குழாய் விரிந்து குருதி பாய்வதால். அந்தக் குழாயை விரியச் செய்யும் செய்தியைக் கொண்டு செல்வது நைட்ரிக் ஆக்சைடு. இரத்த ஓட்டத்தில் அதன் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், கொழுப்பு மிகுதி, புகைப்பழக்கம் ஆகியவை அந்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. இதில் இன்னொரு செய்தி அடங்கியிருக்கிறது. ஆண்குறியின் தமனி இதயத் தமனியைவிடக் குறுகியது. ஆகவே அடைப்பு அங்கே முன்னதாகத் தெரியக்கூடும். விறைப்புக் குறைவு, வரவிருக்கும் மாரடைப்பின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம்.

இப்போது எண்ணிப் பாருங்கள். நாற்பத்தைந்து வயது மனிதர் ஒருவருக்கு இந்தக் குறை தோன்றுகிறது. "இளமையில் செய்த பிழையின் பலன்" என்று சிறுவயது முதல் அவர் காதில் ஓதப்பட்டிருக்கிறது. வெட்கத்தால் மனைவியிடமும் சொல்லாமல், விடுதி அறையில் கடை விரித்திருக்கும் 'லாட்ஜ் டாக்டரிடம்' போகிறார். லேகியமும் பஸ்பமும் வாங்கி வருகிறார். இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்ப்பவர் இல்லை. இதயத்தைச் சோதிப்பவர் இல்லை. பொய் சொன்னவர்கள் நினைத்தது ஒழுக்கத்தை; பொய் கொண்டுபோய் நிறுத்துவது உயிரிழப்பின் வாயிலில்!

அந்த மருந்துகளிலும் அச்சத்துக்கு இடமிருக்கிறது. மூலிகை என்று விற்கப்பட்ட 'வீரிய' மருந்துகளில் சில்டெனாபில் என்ற ஆங்கில மருந்து மறைத்துக் கலக்கப்பட்டிருந்ததை ஆய்வுக்கூடங்கள் பலமுறை கண்டிருக்கின்றன. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை உட்கொள்பவர் அதையும் சேர்த்து உண்டால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே இறுதி வரலாம். சில பஸ்பங்களில் ஈயமும் பாதரசமும் ஆர்செனிக்கும் கண்டறியப்பட்டுள்ளன. உடலுறவு ஆற்றலைப் பெருக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1954ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றத்தில் இயற்றப்பட்டது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. விளம்பரம் சுவரில் இருக்கிறது! ஏமாந்தவன் ஏன் வழக்குத் தொடுக்கவில்லை? "எனக்கு இந்தக் குறை" என்று அவனால் ஊரறியச் சொல்ல முடியாது. அவன் வெட்கம்தான் அந்த வணிகத்தின் முதலீடு.

அந்த முதலீட்டைப் போட்டுக் கொடுத்தவர்கள் யார்? நல்லெண்ணத்தோடு பயமுறுத்திய பெரியவர்கள்! 1960இல் மனநல மருத்துவர் நரேந்திர நாத் விக், இந்திய இளைஞர்களிடம் கண்ட ஒரு துன்பத்துக்குத் 'தாத்' நோய்க்குறி என்று பெயர் தந்தார். விந்து வீணாகிவிட்டது என்ற கவலை. அதனால் களைப்பு, படபடப்பு, உறக்கமின்மை, மனச்சோர்வு. சிறுநீர் சற்றே கலங்கி வந்தாலும் உயிர் ஒழுகுகிறது என்று நடுங்குகிறான் இளைஞன். அந்தக் கலங்கல் பெரும்பாலும் தீங்கற்ற உப்பு. உடலைக் கெடுத்தது விந்து இழப்பன்று. விந்து இழப்பைப் பற்றிய பயம். தேர்வு நெருங்கும் நாளில், தான் கெட்டுப்போனவன் என்று எண்ணி ஏட்டை மூடும் மாணவனையும், மணநாள் நெருங்க நெருங்க வாழ்வே வேண்டாம் என்று நினைக்கும் வாலிபனையும் இந்தப் பொய்தான் படைக்கிறது. எந்தப் பழக்கமும் படிப்பையும் வேலையையும் விழுங்கும் அளவுக்குப் போனால் அதற்கு மருத்துவரின் அறிவுரை வேண்டும். அது வேறு, இயல்பாக வளரும் பிள்ளையைக் குற்றவாளியாக்குவது வேறு.

பெண்ணின் நிலை என்ன? அவளுக்குப் பொய் கூடச் சொல்வதில்லை, மௌனம் தருகிறார்கள். முதல் இரவில் குருதி தோன்றினால் கற்புடையாள், தோன்றாவிடில் கறைபட்டவள் என்று ஒரு துணி தீர்ப்பு வழங்குகிறது. கன்னிமையை எந்தச் சோதனையாலும் நிறுவ முடியாது என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018இல் அறிவித்தன. வன்கொடுமைக்கு ஆளான பெண்ணை 'இரு விரல் சோதனை' செய்வதை 2022இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றம் புரிந்தவராவார் என்றது. பிறப்பது ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்யும் எக்ஸ், ஒய் இனக்கீற்று தந்தையின் உயிரணுவிலிருந்து வருவது 1905 முதல் அறிவியல் அறிந்த உண்மை. ஆயினும் மூன்றாவதும் பெண்ணானால் வசை யாருக்கு? தாய்க்கு! கருவுற்றவளுக்குக் குழந்தை சிவப்பாகப் பிறக்கக் குங்குமப்பூவைத் தேடி வாங்கித் தருகிறார்கள். குங்குமப்பூவுக்கு அந்த ஆற்றல் இல்லை. அவளுக்கு வேண்டிய இரும்புச் சத்தையோ கேட்பாரில்லை. எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியது அவள் பங்கு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். ஆணின் கற்பனை இரத்தத்துக்கு நாற்பது துளிக் கணக்குப் பார்த்த நாடு, பெண் மாதந்தோறும் மெய்யாகவே இழக்கும் இரத்தத்துக்கு ஒரு கணக்கும் பார்க்கவில்லை!

ஆக, உரைகல்லில் உரைத்துவிட்டோம். இளைஞனுக்கு மனநோய், நடுவயதினனுக்கு உயிர் ஆபத்து, பெண்ணுக்குப் பழி, போலி மருத்துவனுக்குப் பணம். இதையா குற்றமற்ற நன்மை என்பது?

"சரி, உண்மையைச் சொன்னால் பிள்ளைகள் கெட்டுவிட மாட்டார்களா?" என்பது பெரியவர்களின் கடைசி அரண். 2007இல் மகாராட்டிரம், குசராத்து, மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்கள் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை நிறுத்தி வைத்தபோது சொன்ன காரணமும் ஏறத்தாழ இதுவே. ஆனால் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி யுனெஸ்கோ கண்ட முடிவு வேறு: முறையான பாலியல் கல்வி, பிள்ளைகளை விரைந்து உடலுறவுக்குத் தள்ளுவதில்லை, பலவிடங்களில் அதைத் தள்ளிப்போடவும், பாதுகாப்பாக நடக்கவும் துணை செய்கிறது.

தொலைவுக்குப் போவானேன்? நம் கண்முன்னே சான்று இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் செய்த பணி அது. "இங்கே அப்படிப்பட்ட நோய் வருமா?" என்று பண்பாட்டுப் பெருமை பேசியிருந்தால் பிணங்களை எண்ணியிருப்போம். 2000களின் தொடக்கத்தில் 'புள்ளி ராஜா' என்ற கற்பனை மனிதனைச் சுவரெங்கும் ஏற்றி, அவனுக்கு எய்ட்ஸ் வருமா என்று தமிழ்நாடே பேசும்படி செய்தார்கள். முகம் சுளித்தோர் உண்டு. ஆயினும் ஆணுறை என்ற சொல்லை வெட்கமின்றிச் சொல்ல நாடு கற்றது. சோதனையும் மருந்தும் எளிதாயின. தொற்று விகிதம் பின்னர் இறங்கியது. அதற்கு வாய்திறந்த பேச்சும் ஒரு துணை. கெட்டுப்போனது யார்?

மௌனம் காப்பது யாரை என்பதையும் கேட்டாக வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இல் வந்தது. சட்டம் இருக்கிறது, ஆனால் தன் உறுப்புக்குப் பெயர் தெரியாத குழந்தை எந்தச் சொல்லால் முறையிடும்? "அதைப் பற்றிப் பேசினால் அடி விழும்" என்று வளர்க்கப்பட்ட பிள்ளை யாரிடம் ஓடும்? தொட்டவன் அந்த மௌனத்தை நம்பித்தான் தொடுகிறான்.

அப்படியானால் ஒழுக்கமே வேண்டாம் என்கிறோமா? வேண்டும் என்கிறோம், உறுதியான ஒழுக்கம் வேண்டும் என்கிறோம். அச்சத்தின்மேல் எழுப்பிய ஒழுக்கம், அச்சம் பொய் என்று தெரிந்த அன்றே இடிந்துவிடும். "கைப்பழக்கத்தால் கண் போகும் என்றார்கள், போகவில்லை. ஆகவே அவர்கள் சொன்னது எல்லாமே பொய்" என்று முடிவு கட்டுகிறான் இளைஞன். பெரியவர்கள் சொன்ன மெய்யும் அந்தப் பொய்யோடு சேர்ந்து அடித்துச் செல்லப்படுகிறது. அவன் கையில் இன்று கைப்பேசி இருக்கிறது. அதில் வரும் ஆபாசப் படம் அவனுக்கு ஆசிரியனாகிறது. ஆசிரியரும் பெற்றோரும் காலியாக விட்ட நாற்காலியில்தான் அது அமர்ந்திருக்கிறது.

காமத்தில் அறம் எது? மற்றவரின் மனமார்ந்த இசைவு இல்லாமல் தொடாதிருப்பது. இசைவு தரும் வயதும் நிலையும் இல்லாதவரை எந்நாளும் தொடாதிருப்பது. ஏமாற்றாதிருப்பது. நோயைத் தெரிந்தே பரப்பாதிருப்பது. விளையும் பிள்ளைக்குப் பொறுப்பேற்பது. மனைவிக்கும் ஆசை உண்டு, மறுக்கும் உரிமையும் உண்டு என்று மதிப்பது. இவற்றில் எதற்கும் நாற்பது துளிக் கணக்குத் தேவையில்லை. விந்தைக் காத்தவன் நல்லவன் என்ற அளவுகோலால் அளந்தால், மனைவியை அடிப்பவனும் கட்டுப்பாடுடையவனாகத் தேறிவிடுவான். உறக்கத்தில் கனவு கண்ட சிறுவன் பாவியாகத் தோற்றுவிடுவான். அளவுகோலே கோணல்!

ஆசிரியப் பணியில் இருக்கும் நாம் ஒன்றை அறிவோம். இனப்பெருக்கப் பாடம் வரும்போது, "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கம் புரட்டப்படும் வகுப்பறைகள் இன்னும் இருக்கின்றன. மாணவர் அந்தப் பக்கத்தை வீட்டில் படிப்பதில்லை, சுவரில் படிக்கிறார்கள். அந்தப் பக்கம் வகுப்பில் உரக்கப் படிக்கப்படட்டும், ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் கேட்கட்டும், கேள்வி கேட்கட்டும்.

இளைஞர்களே! பேச்சு மேடைக்குக் காத்திருக்க வேண்டாம். பணி வீட்டிலேயே இருக்கிறது. மீசை அரும்பும் தம்பியிடம், "உறக்கத்தில் நேர்வது இயல்பு, அஞ்சாதே" என்று ஒரு சொல் சொல்லுங்கள். களைப்பென்று முனகும் தந்தையை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சட்டத்துக்கு மாறான விளம்பரத்தைக் கண்டால் சிரித்துவிட்டுப் போகாமல் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். இன்றிரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது, அம்மாவுக்கும் அக்காவுக்கும் சட்டியில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். அவர்களையும் உடன் அமர்த்தி உண்ணுங்கள்.